சைபரும் மூணு சப்பாத்தியும்

"ஏற்கெனவே வேலை பார்த்திருந்தாத்தான் வேலை தருவாங்களாம். அப்போ முதல் வேலையை யார்தான் தருவா?"

இப்படிக் கேட்டுக்கிட்டே மாரீஸ்வரி கட்டில்ல பொத்துன்னு உட்கார்ந்தா.

கேட்டது ஜெனிட்டாகிட்ட. அவ நகம் வெட்டிக்கிட்டு இருந்தா.

பெருங்குடியில ஒரு லேடீஸ் ஹாஸ்டல். நாங்க மூணு பேரும் ஒரே ரூம்.

மாரீஸ்வரி சாத்தூர்க்காரி. இன்ஜினியரிங் முடிச்சு பத்து மாசம் ஆச்சு. நாற்பத்திரண்டு கம்பெனி 'வருந்துகிறோம்'னு மெயில் போட்டாச்சு. இந்த மாசக் கடைசிக்குள்ள வேலை கிடைக்கலேன்னா பஸ் ஏறி ஊருக்கு வந்துடணும்னு அவ அப்பா கறாரா சொல்லிட்டார்.

ஜெனிட்டா மார்த்தாண்டம். படிச்சது டிப்ளமோ. மாரீஸ்வரியைவிட ஒரு வயசு சின்னவ. மத்தவங்க எழுதின சாஃப்ட்வேர் எங்கே உடையும்னு உடைச்சுப் பார்த்துச் சொல்றது அவ வேலை. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் அவளுக்கு. ஹாஸ்டல்ல வெச்ச பேர் சாமியார். ஆனா யாருக்கு எது ஒண்ணுன்னாலும் அவ கட்டில்கிட்டதான் வந்து நிப்பாங்க.

நான் நடுக் கட்டில்காரி. என்னைப் பத்தி அவ்வளவு போதும்.

"இங்க பாரு இந்த அநியாயத்தை." மாரீஸ்வரி லேப்டாப்பைத் திருப்பினா.

ஒரு கம்பெனியோட விண்ணப்ப ஃபார்ம். மேலே கொட்டை எழுத்துல, 'புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு மட்டும்'. கீழே ஒரு கட்டம். 'அனுபவம், எத்தனை ஆண்டு?'

மாரீஸ்வரி 0ன்னு அடிச்சா.

சிவப்பு எழுத்து வந்துச்சு. 'இந்த இடம் காலியாக உள்ளது. நிரப்பவும்.'

மறுபடியும் அடிச்சா. மறுபடியும் சிவப்பு.

"வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன். ஒண்ணு போட்டுட்டு மேல போ, எல்லாரும் அப்படித்தான்னு சொல்றாங்க. போடவா?"

ஜெனிட்டா அடுத்த விரலுக்குப் போயிட்டா.

"போடுடி"ன்னு நான்தான் சொன்னேன். நானும் போன வருஷம் ஒண்ணு போட்டவதான். வேலை கிடைச்சுது. மூணு மாசம், யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயந்து பயந்துதான் ஆபீஸ் போனேன். அதை அன்னிக்கு நான் அவகிட்டச் சொல்லல.

மாரீஸ்வரி ஒண்ணு போட்டா. ஃபார்ம் சமர்த்தா வாங்கிக்கிச்சு.

ரெண்டு நாள்ல கூப்பிட்டுட்டாங்க. வியாழக்கிழமை இன்டர்வியூ. அஞ்சு நிமிஷம் குதிச்சா. அப்புறம் அப்படியே உட்கார்ந்துட்டா.

"அந்த ஒரு வருஷம் எங்க வேலை பார்த்தேன்னு கேட்டா?"

எதிர்த்தெருவுல ஒரு ஆள் இருக்கான். எந்த கம்பெனி பேர்ல வேணும்னாலும் சர்ட்டிஃபிகேட் அடிச்சுக் கொடுப்பான், சீலோட.

"வாங்கிடவா ஜெனி? வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்டி!"

அந்த நேரம் பார்த்து சப்பாத்தி நோட்டு வந்துச்சு. சாயங்காலமானா ரூம் ரூமா சுத்தும். பேருக்கு நேரா எத்தனை வேணும்னு எழுதணும். எங்க ரூமுக்கு ஜெனிட்டாதான் எழுதுவா.

"எத்தனை?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் போ!"

ஜெனிட்டா எனக்கு நாலு எழுதினா, அவளுக்கு ரெண்டு. நோட்டை மூடி அனுப்பிட்டா.

சாப்பிடப் போனோம். சமையல் பரிமளாக்கா மாரீஸ்வரி முன்னாடி தட்டை வெச்சாங்க. மூணு சப்பாத்தி.

"வேண்டாம்னேனேக்கா!"

"எங்க சொன்ன? நோட்டுல உன் பேருக்கு நேரா ஒண்ணுமே எழுதல. எழுத மறந்த பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாதுன்னு மூணு போட்டுடுவேன். வேண்டாம்னா சைபர் போடணும். சைபர் இருந்தாத்தான், சரி, இவ யோசிச்சுத்தான் சொல்லியிருக்கான்னு எனக்குத் தெரியும். இத்தனை மாசமா இருக்க, இதுகூடத் தெரியாதா?"

மாரீஸ்வரி ஜெனிட்டா பக்கம் திரும்பினா. கண்ணுல பொறி பறந்துச்சு.

"வேண்டாம்னு சொன்னேன்ல? சைபர் போட என்னடி கேடு உனக்கு?"

"நீ போட்டியா?"

மாரீஸ்வரி கை அப்படியே நின்னுச்சு.

"போட்டேன். அந்த ஃபார்ம் வாங்கல."

"வாங்கலேன்னு யார்கிட்டச் சொன்ன?"

ஜெனிட்டா குருமா கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

மாரீஸ்வரி மூணு சப்பாத்தியையும் தின்னு முடிச்சா. நேரா மேலே போய் லேப்டாப்பைத் திறந்தா.

எதிர்த்தெருவுக்கு அவ போகவே இல்லை.

வியாழக்கிழமை. அவ சொன்னதை அப்படியே சொல்றேன்.

ரூம்ல ரெண்டு பேர். கண்ணாடி போட்ட ஒரு சார், ஒரு மேடம்.

"ஒரு வருஷ அனுபவம்னு போட்டிருக்கீங்க. எந்த கம்பெனி?" சார் கேட்டார்.

"எந்த கம்பெனியும் இல்ல சார். அது பொய்."

சார் பேனாவைக் கீழே வெச்சார்.

"பொய் சொன்னவங்களை வெளியே அனுப்பிடுவோம். தெரியும்ல?"

"தெரியும் சார். வெளியே எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க?"

"நாற்பது."

"அவங்களையும் அனுப்பிடுங்க. எல்லாரும் இதே பொய்தான்."

மேடம் வந்திருந்த விண்ணப்பங்களோட லிஸ்ட்டைப் பார்த்தாங்க. "ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு. ஆமா, எல்லாமே ஒண்ணு. இல்ல, இரு. இங்க மைனஸ் ஒண்ணுன்னு இருக்கே?"

"அதுவும் நான்தான் மேடம். சைபரை விரட்டுற ஃபார்ம் வேற எதையெல்லாம் உள்ள விடுதுன்னு போட்டுப் பார்த்தேன்."

மேடத்துக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு. சார் சிரிக்கல. லேப்டாப்ல ஃபார்மைத் திறந்தார். 0 அடிச்சார். சிவப்பு. இன்னொரு தடவை அடிச்சார்.

"இதை எழுதினது நான்தான்"னார், மெதுவா. "மூணு வருஷமா ஒருத்தர்கூடச் சொல்லல."

"எப்படி சார் சொல்லுவோம்? வேலை கேட்டு வர்றவ, உங்க ஃபார்ம் தப்புன்னு சொன்னா வேலை கிடைக்குமா? அதான் ஒண்ணு போட்டுட்டு வர்றோம். எங்களை முதல் பொய் சொல்ல வெச்சதே நீங்கதான்."

 அதோட நிறுத்தலையாம்.

"நாலு வருஷம் படிச்சிருக்கேன். அனுபவம் சைபர். அதுல எனக்கு ஒரு வெட்கமும் இல்ல. அதைக் காலின்னு மட்டும் சொல்லாதீங்க."

சார் லேப்டாப்பை அவ பக்கம் தள்ளினார்.

"சரி பண்ணு."

ஃபார்முக்குப் பின்னாடி இருந்த புரோகிராமை மாரீஸ்வரி படிச்சுப் பார்த்தா. "இதுல ஏதாவது இருக்கான்னு கேக்குது சார். சைபரைப் பார்த்ததும் ஒண்ணும் இல்லேன்னு நினைச்சுக்குது. எழுதியிருக்காங்களா இல்லையான்னு கேக்கணும்."

ஒரே ஒரு வரி மாத்தினா. 0 அடிச்சா. ஃபார்ம் வாங்கிக்கிச்சு.

தன் பேர்ல மறுபடியும் முதல்லேர்ந்து விண்ணப்பம் போட்டா, சைபரோட. அனுப்பிட்டு எழுந்து வந்துட்டா.

"பைத்தியமாடி உனக்கு? கையில கிடைச்சதைக் கெடுத்துக்கிட்டியே!"ன்னு கத்தினேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு. பயந்து பயந்து ஆபீஸ் போன என் மூணு மாசமும் அப்போ ஞாபகம் வந்துச்சு.

ஆறு நாள் ஒரு தகவலும் இல்ல. மாசக் கடைசி வந்துச்சு. மாரீஸ்வரி பெட்டி கட்டிட்டா. ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு.

சாயங்காலம் போன். கம்பெனியிலேர்ந்து ஒரு அம்மா. வேலை அவளுக்குத்தான். திங்கக்கிழமை சேரணும். ஃபார்ம் ஒண்ணு அனுப்பியிருக்காங்களாம், உடனே நிரப்பி அனுப்பணுமாம்.

நான் போட்ட கூச்சல்ல பக்கத்து ரூமெல்லாம் ஓடி வந்துடுச்சு.

மாரீஸ்வரி ஃபார்மைத் திறந்தா. பேர், ஊர், படிப்பு எல்லாம் சரி. அப்புறம் ஒரு கட்டம். 'இதற்கு முன் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர்.' காலியா விட்டாலும் போகல. 'இல்லை'ன்னு அடிச்சாலும் போகல. சிவப்பு.

அவ அந்த அம்மாவுக்கே திரும்பப் போன் போட்டா.

"மேடம், இதுக்கு முன்னாடி நான் எங்கேயும் வேலை பார்க்கல. ஃபார்ம் ஒத்துக்க மாட்டேங்குது."

"அட, ஏதாவது ஒரு பேரைப் போட்டு அனுப்பும்மா. எல்லாரும் அப்படித்தான் அனுப்புறாங்க."

போடுடி, போட்டுத் தொலைடின்னு நான் கையை ஆட்டினேன். ஜெனிட்டா சப்பாத்தி நோட்டை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

"போட மாட்டேன் மேடம்."

"போடலேன்னா எப்படிம்மா சேருவ?"

"பேப்பர்ல எழுதிக் கொண்டு வர்றேன், இல்லைன்னு. சேர்ந்ததும் முதல் வேலையா இந்த ஃபார்மைச் சரி பண்றேன். அதுக்குத்தானே என்னை எடுத்திருக்கீங்க?"

அந்த அம்மா யார்கிட்டயோ கேட்டுட்டு வந்தாங்க.

"ஒன்பது மணிக்கு வந்துடு. பேப்பரை மறக்காத."

மாரீஸ்வரி போனை வெச்சா. கட்டின பெட்டியைக் காலால கட்டிலுக்கு அடியில தள்ளினா.

ஜெனிட்டா நோட்டைப் பிரிச்சா. "எத்தனை?"

மாரீஸ்வரி அவ கையிலேர்ந்து பேனாவைப் பிடுங்கி, தானே எழுதினா.

அஞ்சு.