மலையேறிய கடிகாரம்

கேட்போர் முதலில் அறிய வேண்டியவை இரண்டு. ஊசல் கடிகாரத்தின் வேகத்தை ஊசலின் நீளமும் பூமியின் இழுப்பும் தீர்மானிக்கின்றன. உயரம் கூடக் கூட அவ்விழுப்புச் சற்றே குறைகிறது. பொன்னிலை ஜமீன்தார் இராமபத்திரர் இவ்விரண்டையும் அறியார்.

கோடைக்கு மலை மாளிகை சென்ற அவர், உடன் கொண்டுபோன கடிகாரம் தந்தி அலுவலகத்துக்குத் தினமும் கம்பிவழி வரும் மணிக்கு நாளொன்றுக்கு இருபது நொடி பிந்துவதைக் கண்டார். அதற்குச் சாவி கொடுக்கும் மொக்கையனை அழைத்தார்.

"கீழே ஒழுங்காக ஓடியதை நீதானடா கெடுத்தாய். பத்து நாளில், அதைத் தொடாமலே சரிசெய். இல்லையேல் சிறை!"

"தொடாமல் என்றால் மலையைத்தான் இறக்க வேண்டும், எசமான். மேலே பூமியின் பிடி தளர்ந்து ஊசல் சோம்பி ஆடுகிறது."

"திமிரா?"

"சந்தேகமானால் கடிகாரப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை பாருங்கள்."

அடிவாரத்தில் ஜமீன்தார் தாமே மணி திருத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினார். மூன்று நாளும் கடிகாரம் தந்தி மணியோடு ஒத்தது. மலையிலும் அவ்வாறே திருத்திப் பூட்டினார். மூன்றாம் நாள் ஒரு நிமிடம் பிந்தியிருந்தது.

"இப்போது கெடுத்தது யாரடா?"

"சாவி வைத்திருந்தவரைக் கேட்க வேண்டும், எசமான். அவர் இல்லையென்றால் மலைதான்."

அருகில் நின்ற கணக்குப்பிள்ளை சிரிப்பை இருமலாக்கினார். ஜமீன்தார் இடுப்பிலிருந்த சாவியைத் தடவிப் பார்த்தார்.

"மலையாகவே இருக்கட்டும்" என்றார்.

பின்னர் முடிவானவை: மொக்கையனுக்குச் சிறை இல்லை. மலையேறும்போது ஊசல் குண்டை ஒரு நூலளவு உயர்த்தவும், இறங்கியதும் தாழ்த்தவும் அவனுக்கே அதிகாரம். ஜமீன்தார் பெட்டிச் சாவியை இனித் தொடுவதில்லை.