சித்திரை மாதம் தெரிந்த விண்மீன்

மலைமேல் ஒரு வானாய்வு மையம். அங்கே செண்பகவல்லி என்றோர் ஆசிரியை இருந்தார். வயது நாற்பத்தொன்று. அவரிடம் ஒரே ஒரு சீடர், மாசிலாமணி. வயது ஐம்பத்தாறு.

மாசிலாமணி முப்பது வருடம் சர்வேயராக வேலை பார்த்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, எப்போதோ விட்டுப்போன இயற்பியல் படிப்பை முடித்து, ஆராய்ச்சி மாணவராக மலையேறி வந்திருந்தார். "நிலத்தை அளந்து முடிச்சாச்சு, இனிமே வானத்தை அளக்கப் போறாராம்" என்று உறவில் சிரித்தார்கள். அவர் மனைவி சிரிக்கவில்லை. இரண்டு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்து, "குளிர்ல காதை மூடிக்குங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஆசிரியைக்கு ஒரு விண்மீன் மேல் கண். நூற்று நாற்பது ஒளியாண்டுத் தொலைவில் இருப்பது. உள்ளே எரிபொருள் தீர்ந்துபோய், மெல்ல உப்பத் தொடங்கியிருந்தது. பேருருவாகவும் ஆகவில்லை, பழைய உருவிலும் இல்லை; நடுவழியில் நிற்கிற விண்மீன். துணைப்பேருரு என்று அதற்குப் பெயர். இப்படிப்பட்டவற்றின் மேற்பரப்பு உலைநீர் போலக் கொதித்துக்கொண்டே இருக்கும். அளந்தால் எண்கள் சிதறும். அதனால் பலர் கிட்டே போவதில்லை. செண்பகவல்லி ஐந்து வருடமாக அதையே அளந்துகொண்டிருந்தார்.

அளப்பது விண்மீனை அல்ல, அதன் ஆட்டத்தை. ஒரு கிரகம் சுற்றிவந்தால் அதன் இழுப்பில் விண்மீனும் லேசாக ஆடும். நம்மை நோக்கிக் கொஞ்சம் வரும், பிறகு கொஞ்சம் விலகும். கிரகம் கண்ணில் படாது. அந்த ஆட்டம் மட்டும் ஒளியில் தெரியும்.

ஒரு நாள் காலை மாசிலாமணி ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். படியில் கால் தடுக்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"மேடம், ஆடுது!"

தாளில் புள்ளிகள் ஏறி இறங்கி ஏறின. முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு நாளுக்கு ஒரு சுற்று.

ஆசிரியை தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்றே ஒரு மாநாட்டுக்கு அந்த எண்ணோடு கட்டுரைச் சுருக்கம் எழுதி அனுப்பினார். அனுப்பிவிட்டுச் சீடரிடம் திரும்பினார்.

"சர்வேயர் சார், இன்னையிலிருந்து உங்களுக்கு ஒரே வேலை."

"சொல்லுங்க மேடம்."

"அப்படி ஒரு கிரகம் இல்லைன்னு நிரூபிங்க."

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இருக்கே மேடம்! நீங்களே பாத்தீங்களே!"

"ஆமா. இருந்தா தப்பிச்சுக்கும். போங்க."

அவர் போனார். மூன்று வாரம் அந்தக் கிரகத்தைக் கொல்லப் பார்த்தார். விண்மீன் தன்னைத்தானே சுற்றுவதால் வரும் ஆட்டமா என்று பார்த்தார், இல்லை. கருவி அறையின் சூடு ஏறி இறங்குவதால் வருவதா என்று ஐந்து வருட வெப்பநிலைப் பதிவையும் புரட்டினார்; அதுவும் இல்லை. தான் எழுதிய கணினி நிரலை அழித்துவிட்டு வேறு வழியில் புதிதாக எழுதினார். அப்போதும் புள்ளிகள் ஏறி இறங்கி ஏறின.

சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியை கேட்பார்: "செத்துதா?"

"இல்லை மேடம். உயிரோட இருக்கு!"

சொல்லும்போது மாசிலாமணியின் முகம் முதல் பேரனைப் பார்த்தவர் முகம் போல இருக்கும். ஆசிரியை சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார்.

ஒன்று மட்டும் மாசிலாமணிக்கு உறுத்தியது. எல்லாப் புள்ளிகளும் வளைகோட்டின் மேல் உட்காரவில்லை. சில மேலே நின்றன, சில கீழே.

"கொதிக்கிற விண்மீன்தானே, சார். அப்படித்தான் சிதறும்" என்றார் ஆசிரியை.

சரி என்று விட்டார். ஆனால் விட முடியவில்லை. கட்டுரையை அனுப்ப ஒரு நாள் இருந்தபோது, வியாழக்கிழமை மதியம், சிதறிய புள்ளிகளை மட்டும் தனியே பிரித்தெடுத்துத் தேதிவாரியாக அடுக்கினார்.

சித்திரையில் எல்லாம் கீழே இருந்தன. புரட்டாசிக் கடைசியில் எல்லாம் மேலே. அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும்.

மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"நூத்தி நாப்பது ஒளியாண்டு தள்ளி இருக்கிறவனுக்கு," என்று அவர் வாய்விட்டே கேட்டார், "சித்திரை மாசம் எப்படிடா தெரியும்?"

வரப்புத் தகராறு என்று யாராவது வந்தால், சர்வேயர் மாசிலாமணி நிலத்தை மறுபடி அளக்க மாட்டார். முதலில் சர்வே கல் இருக்கிற இடம் சரியா என்று பார்ப்பார். கல் நகர்ந்திருந்தால் எத்தனை முறை அளந்தாலும் ஒரே தப்புதான் திரும்பத் திரும்ப வரும். இங்கே கல் எது என்று யோசித்தார்.

பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல் நின்றுகொண்டு விண்மீனின் ஆட்டத்தை அளப்பவர்கள், முதலில் பூமியின் ஓட்டத்தைக் கழித்துவிட வேண்டும். கழிப்பதற்கு விண்மீன் எந்தத் திசையில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். திசையில் பிசகினால் பூமியின் ஓட்டம் கொஞ்சம் கழியாமல் நின்றுவிடும். வருடா வருடம், அதே மாதத்தில்.

விண்மீன்களின் இடம் குறித்துத் தொலைநோக்கியைத் திருப்புவதற்கு ஒரு பட்டியல். கணக்குக்கு வேறொரு பட்டியல். அவர் கணக்குப் பட்டியலைத் திறந்தார். நிலம் அளக்கும்போது பார்ப்பதைப் போலவே டிகிரி, நிமிடம், விநாடி என்று எண்கள் வரிசையாக இருந்தன. இவர்களுடைய விண்மீனுக்கு நேரே நிமிடம் இருபத்தேழு என்று இருந்தது. விண்மீன் அட்டவணையை எடுத்துப் பார்த்தார். இருபத்தெட்டு.

ஒரே ஒரு எண். விசைப்பலகையில் பக்கத்துச் சாவி. அதனால் மிஞ்சிய வேகம் விநாடிக்கு எட்டு மீட்டர், ஒருவர் ஓடிப் பஸ்ஸைப் பிடிக்கிற வேகம்.

பட்டியலின் தலையில் தயாரித்தவர் பெயர் இருந்தது: செண்பகவல்லி.

மாசிலாமணியின் கை தானாக விசைப்பலகைக்குப் போனது. இருபத்தேழை இருபத்தெட்டாக்கினார். கணக்கை ஓட்டினார். பதினோரு நிமிடம் ஆனது. வந்த படத்தைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

எப்படிச் சொல்வது?

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஊரில், மேலதிகாரி நட்ட கல் நாலடி தள்ளி இருக்கிறது என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். அந்த மாதமே மாற்றல் வந்தது. குழந்தைகளின் பள்ளிக்கூடம் நடுவில் நின்றது. அதற்குப் பிறகு தப்பான கற்களை அவர் எத்தனையோ பார்த்தார். வாய் திறக்கவில்லை.

இங்கே திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. எண்ணைத் திருத்தியாகிவிட்டது. 'தரவு சீர்செய்யப்பட்டது' என்று ஒரு வரி போட்டால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. ஆசிரியைக்கும் தலைகுனிவு இல்லை. மாநாட்டுக்குப் போன எண்ணை மாற்றத்தான் வேண்டும்; அதற்கும் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து ஆசிரியையின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளுங்க."

"சர்வே கல் இடம் மாறி இருக்கு. நட்டவங்க பெரியவங்க. அளக்க வந்தவன் என்ன செய்யணும்?"

செண்பகவல்லி பேனாவைக் கீழே வைத்தார். "எந்தக் கல்லு?"

அவர் தாளை நீட்டினார். அதில் இரண்டே எண்கள்.

"இது என் பட்டியல்."

"ஆமா மேடம்."

"இருபத்தேழு."

"இருபத்தெட்டா இருக்கணும் மேடம்."

தகரக் கூரையில் ஒரு குரங்கு தடதடவென்று ஓடியது. மாசிலாமணி மனதுக்குள் பெட்டியைக் கட்டத் தொடங்கியிருந்தார். ஸ்வெட்டர் இரண்டு, துவைக்கப் போட்ட வேட்டி ஒன்று.

"திருத்திட்டு ஓட்டினீங்களா?"

"ஓட்டினேன்."

"காட்டுங்க!"

அவர் முன்னால் போக, இவர் பின்னால் ஓட வேண்டியிருந்தது. திரையில் புதிய படம் நின்றது. ஐந்து வருடப் புள்ளிகள். கோர்த்துவிட்டது போல எல்லாம் வளைகோட்டின் மேல் இருந்தன. மேலே ஒன்றும் இல்லை, கீழே ஒன்றும் இல்லை.

"நானூத்திப் பன்னிரண்டு நாள்" என்றார் மாசிலாமணி. "கிரகம் இருக்கு மேடம். கொதிப்புன்னு நினைச்சதுல முக்கால்வாசி கொதிப்பே இல்லை. அது..."

"பூமி" என்றார் ஆசிரியை.

"ஆமா மேடம். நம்ம பூமி."

செண்பகவல்லி திரையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அஞ்சு வருஷமா உட்கார்ந்து நான் பூமியைக் கண்டுபிடிச்சிருக்கேன், சார்!"

தாழ்வாரத்துக்கு ஓடினார். "எல்லாரும் எழுந்திரிங்க! வந்து பாருங்க!" ராத்திரி கண்விழித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கைலியும் கலைந்த தலையுமாகக் கதவைத் திறந்தார்கள். என்ன என்று புரிவதற்குள் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து திரைமுன் நிறுத்தினார். "இது நேத்து இருந்தது. என் தப்போட. இது இன்னைக்கு. சர்வேயர் சார் திருத்தினது." பார்த்தவர்களின் தூக்கம் கலைந்தது. ஒருவர் விசிலடித்தார்.

மாசிலாமணி சுவரோரம் நின்றார். காதெல்லாம் சூடாக இருந்தது. இந்த மாதிரி ஒரு கூட்டத்தின் நடுவே ஒரு தப்பைப் பற்றிப் பேச்சு நடந்து, ஒருவர் முகமும் சுருங்காமல் இருந்து அவர் பார்த்ததே இல்லை.

கூட்டம் கலைந்ததும் ஆசிரியை மாநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் அடிக்க உட்கார்ந்தார். மாசிலாமணி தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். 'முன்பு அனுப்பிய எண் தவறு. விண்மீனின் இடத்தை நான் தவறாகக் குறித்திருந்தேன். பிழையையும் சரியான எண்ணையும் கண்டவர் மாசிலாமணி. கட்டுரையில் அவர் பெயரே முதலில் வரும்.'

"மேடம், இவ்வளவு எழுதணுமா? தரவு சீர்செய்யப்பட்டதுன்னு போட்டாப் போதுமே."

"தானா சீராயிடுச்சா?"

அவர் பதில் சொல்வதற்குள் கடிதம் போய்விட்டது.

மாசிலாமணி அவர் பக்கம் வந்து நின்றார்.

"அஞ்சு வருஷம் மேடம். நான் வந்து இது தப்புன்னு சொல்றேன். உங்களுக்குக் கொஞ்சம்கூடக் கஷ்டமா இல்லையா?"

செண்பகவல்லி அதற்குள் பட்டியலை முதல் வரியிலிருந்து திரையில் திறந்துவிட்டிருந்தார். காலால் இன்னொரு நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தார்.

"இதுல நூத்திப் பதினெட்டு விண்மீன் இருக்கு. எல்லாம் ஒரே சாயங்காலத்துல நான் அடிச்சது. கொதிக்குது, உபயோகப்படாதுன்னு அதுல முப்பத்தொண்ணை மூடி வெச்சிருக்கேன். உட்காருங்க சார், சீக்கிரம். இன்னும் எங்கெல்லாம் நான் தப்பு பண்ணியிருக்கேன்னு பாப்போம்!"