ஆள்காட்டி இல்லாத மேட்டுக்காடு

ஏரிக்கரைப் புதரில் ரஞ்சிதம் என்ற முயல் தன் குட்டிகளோடு குடியிருந்தது. புல்லை எருமைகள் மேய்ந்துவிடும். மிச்சத்தை ஆட்கள் அறுத்துப் போவார்கள். ஊர் நாய்கள் வேறு வந்து புதருக்குள் மூக்கை நுழைக்கும்.

"மேற்கே மலையடிவாரத்தில் மேட்டுக்காடு சும்மா கிடக்குதாம். நாயும் இல்லை, ஆளும் இல்லை" என்றது ரஞ்சிதம்.

"தண்ணி?" என்றது அதன் கணவன் வேலப்பன்.

"பனி நனைச்ச புல்லே நமக்குப் போதும். முக்கியமா, இந்த ஆள்காட்டிக் குருவி அங்கே இல்லை. நாய் வந்தாலும் கத்துறா, நரி வந்தாலும் கத்துறா, சும்மா காற்றடிச்சாலும் கத்துறா. என் காதே கிழிஞ்சுபோச்சு."

பக்கத்துக் கட்டாந்தரையில் முட்டை மேல் உட்கார்ந்திருந்த ஆள்காட்டிக்கு இது நன்றாகவே கேட்டது.

முயல்கள் மேற்கே குடிபோயின. கேள்விப்பட்டது பொய்யில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல். குட்டிகள் இஷ்டத்துக்குத் துள்ளின. ரஞ்சிதத்துக்கு வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது.

தூக்கம்தான் வரவில்லை. ஏரிக்கரையில் காதை முதுகோடு மடித்துப்போட்டு நன்றாகத் தூங்கிய முயல் அது. இங்கே ஒரு சருகு அசைந்தாலும் காது விறைத்து நின்றது. 'புது இடம், போகப் போகப் பழகிவிடும்' என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டது.

ஒரு சாயங்காலம் எதிர்க்காற்றில் நரி ஒன்று பதுங்கி வந்தது. வாடையே வரவில்லை. எச்சரிக்கவும் யாருமில்லை. கடைக்குட்டி பாய்ந்து முள்ளுக்குள் ஒளிந்து தப்பியது. அதன் வால்மயிர் மட்டும் நரியின் வாயில் போனது.

விடிந்ததும் ரஞ்சிதம் ஏரிக்கரைக்கு ஓடியது. ஆள்காட்டி, கூடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. எருமைக் குளம்பில் மிதிபட்டு முட்டைகளெல்லாம் உடைந்து கிடந்தன.

"அக்கா, எங்ககூட மேட்டுக்காட்டுக்கு வந்துடுங்க."

"ஏண்டி, கிழிஞ்ச காதைத் தைச்சுட்டு வந்துட்டியா?"

"கிழிஞ்ச காதோடவே இருந்துக்கறேன், அக்கா. பிள்ளை போயிட்டா எப்படி இருப்பேன்?" ரஞ்சிதம் நரி வந்த கதையைச் சொல்லி முடித்தது.

ஆள்காட்டி கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. "அங்கே எருமை உண்டா?"

"ஒண்ணுகூட இல்லை. நீங்க முட்டையிடத் தோதா பொடிக்கல் தரை நிறைய இருக்கு."

"தண்ணி?"

ரஞ்சிதம் தயங்கியது. "பொய் சொல்லமாட்டேன் அக்கா. ஓடைப் பள்ளத்தில் கொஞ்சம் தேங்கியிருக்கு. கோடையில் அதுவும் வற்றிடும். அப்போ நீங்க தூரம் பறந்துதான் குடிச்சுட்டு வரணும்."

"குறையையும் சேர்த்துச் சொன்னியே, அதுக்காகவே வரேன்" என்றது ஆள்காட்டி. "ஆனா காற்றடிச்சாலும் கத்துவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"தாராளமாக் கத்துங்க!"

ஆள்காட்டி மேட்டுக்காட்டில் குடியேறிய சில நாளில் நரி மறுபடியும் வந்தது. அது ஓடையைத் தாண்டும் முன்பே ஆள்காட்டி வானத்தில் எழும்பி, காடு அதிரக் கத்தியது. குட்டிகள் ஒரே பாய்ச்சலில் முள்ளுக்குள் போய்விட்டன.

"இந்த வாயாடி இங்கேயும் வந்துட்டாளா?" என்று முணுமுணுத்துக்கொண்டே நரி திரும்பி நடந்தது.

அது போன பிறகும் ஆள்காட்டி கத்துவதை நிறுத்தவில்லை. வேலப்பன் முகம் சுளித்தபடி ரஞ்சிதத்தைத் திரும்பிப் பார்த்தது. ரஞ்சிதமோ குட்டிகளை அணைத்துக்கொண்டு, காதை முதுகோடு மடித்துப்போட்டு, அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

குடிபோகிற இடத்தில் புல் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. ஆபத்து வந்தால் குரல் கொடுக்க ஆள் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.