முடியாத மைனாப் பாட்டு

மூங்கில் காட்டில் தீப்பிடித்தால் மைனாதான் வழி சொல்லும். அது மேலே பாடிக்கொண்டே பறக்கும், கீழே மிருகங்கள் ஓடும். அரைகுறையாகக் கேட்ட வழி ஆளைக் கொல்லும் என்று, ஒரு வரி பாடி முடிந்த பிறகே காலெடுப்பது அங்கே வழக்கம்.

பாட்டும் சின்னதுதான். "பாறையில் அணிலைக் கேள். ஓடையில் நீர்நாயைக் கேள். புதரில் முயலைக் கேள்."

நரிக்கு அது பொறுக்கவில்லை. "என்ன மைனா, வாசலுக்கு வாசல் பிச்சைக்காரி மாதிரி நிற்கிறாய்? 'கேள்' என்று வருகிற இடத்திலெல்லாம் அவர்கள் பதிலையே வைத்துப் பாடு. நேரம் மிச்சம்."

"எல்லாவற்றையுமா அண்ணே?"

"ஒன்று விடாமல்."

நொண்டிக் குட்டியோடு நின்ற மான் சொன்னது: "அணில் எப்போதும் 'இடது பக்கம்' என்றுதான் சொல்லும். அதைச் சேர்க்கலாம். மற்ற இருவரும் அன்றன்றைக்குப் பார்த்தல்லவா சொல்கிறார்கள்?"

"புல் தின்கிற புத்தி!" என்று நரி சிரித்தது.

கோடையில் தீ வந்தது. பாறையில் அணிலைக் கேட்க யாரும் நிற்கவில்லை. "இடது பக்கம்" என்றது மைனா, எல்லோரும் திரும்பினார்கள். நரி மீசையை முறுக்கிக்கொண்டது.

ஓடைக்கரையில் மைனா நீர்நாயின் பதிலைப் பாடியது. "தண்ணீர் இருந்தால் கல்மேல் நட. சேறாக இருந்தால் முயல் சொல்கிறபடி போ." 'முயல் சொல்கிறபடி' என்று வந்ததால், நரி சொன்னது போலவே முயலின் பதிலையும் உடனே உள்ளே வைத்தது. "புதர் திறந்திருந்தால் நுழை. முள் அடைத்திருந்தால் நீர்நாய் சொல்கிறபடி போ." மறுபடி நீர்நாயின் பதில். அதற்குள் முயலின் பதில். அதற்குள் நீர்நாய். வரி முடியவே இல்லை. யாரும் காலெடுக்கவில்லை. தீ முதுகைத் தொட்டது.

"வாயை மூடடி மைனா!" என்று மான் கத்தியது. "நீர்நாய் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு அவன் சொல்வதை நீ ஏன் பாடுகிறாய்? நீர்நாய்த் தம்பி, வழி எது?"

"தண்ணீர் இருக்கு அக்கா. கல்மேல் நடங்க."

எல்லோரும் கடந்தார்கள். நொண்டிக் குட்டி கடைசியாக வந்தது. அதன் வால் கருகியிருந்தது.

"போனது வால்தானே," என்றது நரி.

மான் அதன் முகத்துக்கு நேரே வந்து நின்றது. "உன் பிள்ளையின் வாலாக இருந்தால் 'தானே' என்பாயா? ஆண்டவன் என் குட்டியை விட்டுவைத்தான். அதற்காக நான் உன்னை மன்னித்தேன் என்று நினைக்காதே."

அன்றிலிருந்து பாட்டு இதுதான்: "பாறையில் இடது பக்கம். ஓடையில் நீர்நாயைக் கேள். புதரில் முயலைக் கேள்." நரி பக்கத்தில் வந்தாலே மான் கொம்பில்லாத தலையைக் குனிந்து முட்ட வரும்.

சின்னச் சொல்லை வாயோடு வைத்துக்கொள்ளலாம்; சுற்றிச் சுற்றி வருகிற சொல்லை உரியவர் வாசலில் போய்க் கேட்பதே உயிர் காக்கும்.