பதினோரு காசுக்கு ஒரே வெட்டு

"பதினோரு காசு, டீச்சர். பதினொண்ணுலயும் ஒரே இடத்துல வெட்டு" என்றார் குஞ்சிதபாதம்.

செல்போனை மேசைமேல் வைத்தார். அவர் குரலில் பெருமை இருந்தது.

ஜெபசெல்வி தலை நிமிரவில்லை. அவள் முன்னால் ஒரு நகைக்கடையின் எலக்ட்ரானிக் தராசு கழற்றிக் கிடந்தது. மயிலாடுதுறையில் தராசு பழுது பார்ப்பது அவள் பிழைப்பு. பழைய காசைப் பார்த்து அசலா போலியா என்று சொல்வது, தேடி வருகிறவர்களுக்காகச் செய்வது.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அவளிடம் காசு பார்க்கக் கற்கும் சீடர் குஞ்சிதபாதத்துக்கு அறுபத்தொன்று. வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை டீச்சர் என்பார். ஒரு வருடமாக இப்படித்தான் பாடம் நடக்கிறது.

"எந்தக் காசு, சார்?"

"டேனிஷ்காரங்க தரங்கம்பாடியில அடிச்ச செம்புக் காசு. லேசுல கிடைக்காதது. பதினோரு பேர் ஆன்லைன்ல விக்கிறாங்க. எல்லாத்துலயும் கிரீடத்துக்கு இடப்பக்கம் அதே வெட்டு."

"அதனால?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே. ஒரே அச்சுல நூறு காசு அடிக்கலாம். ஆனா பிற்பாடு ஒரு காசுல படுற அடி, அதே மாதிரி இன்னொண்ணுல படாது. அடியும் ஒண்ணா இருந்தா, அது ஒரு காசைப் பார்த்து அச்செடுத்து வார்த்தது."

"சரியாச் சொன்னீங்க."

"பழைய காசு சேர்க்கிறவங்க நாலாயிரம் பேர் இருக்கிற குரூப்புல எழுதிட்டேன். பதினொண்ணும் போலின்னு. விக்கிறவங்க பேரையும் போட்டேன்."

ஜெபசெல்வி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"பதினோரு முகத்துல ஒரே தழும்பு. அடி யாருக்கு சார் பட்டுச்சு?"

"யாருக்கும் படலை. எல்லாமே வார்த்ததுதானே."

"படாம தழும்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

குஞ்சிதபாதம் செல்போனை எடுத்துப் படங்களை மறுபடி பார்த்தார்.

"உங்க பட்டியல்ல கடைசிப் பேரு ஒரு தரங்கம்பாடி அம்மா. யார்கிட்டயோ விசாரிச்சு எனக்குப் போன் பண்ணாங்க. காசை எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் ஜெபசெல்வி. மறுபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

பதினோரு மணிக்கு அந்த அம்மாள் வந்தாள். பெயர் காத்தாயி. கருவாடு விற்கிறவள். வாசலிலேயே நின்றாள்.

"இங்க குஞ்சிதபாதம்னு யாரு?"

"நான்தாம்மா."

மேலும் கீழும் பார்த்தாள். "படத்துல மீசை பெருசா இருந்துச்சு."

அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"என் மகதான் படம் எடுத்து விக்கப் போட்டா. நீங்க எழுதினது ஊரெல்லாம் போயிடுச்சு. கருவாடு வாங்க வர்றவங்க, இதாவது அசலா காத்தாயின்னு கேக்குறாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேக்குறாங்க. நேத்து மூணு பேரு கூடையைத் தொடாமலே போனாங்க."

ஜெபசெல்வி கழற்றிய தராசை ஓரமாக நகர்த்தினாள்.

"காசு எப்படிம்மா கிடைச்சது?" என்று ஜெபசெல்வி கேட்டாள்.

"கோட்டைக்கு வடக்க, புயல் அடிச்ச மறுநாள் மணல்ல கிடந்துச்சு. எட்டு வருசம் ஆச்சு."

"வேற யார் கைக்காவது போச்சா?"

"ஒருத்தர் ஆராய்ச்சின்னு சொல்லி ரெண்டு நாள் வாங்கிட்டுப் போனாரு. சொன்ன நாள்ல கொண்டாந்து கொடுத்தாரு. நல்ல மனுசன்னு வஞ்சிர மீன் குழம்பு ஊத்தினேன்."

ஜெபசெல்வி காசை வாங்கி எடை போட்டாள். லென்ஸை வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே மூன்று காசுகள்.

"உங்க பட்டியல்ல இருக்கிற மூணு பேர்கிட்ட வாங்கினது, சார். பார்க்கறதுக்குன்னு போன மாசமே வாங்கி வெச்சேன். அந்த அம்மா காசைக் கீழ வையுங்க. அதுமேல இதை வையுங்க."

அவர் வைத்தார்.

மேலே இருந்த காசைச் சுற்றி, கீழே இருந்தது ஒரு நூல் அளவுக்கு வெளியே தெரிந்தது. வெட்டுக்கு நேராக வெட்டு வரும்படி திருப்பினார். நூல் போகவில்லை. ஓரமாக நகர்த்தினார். இந்தப் பக்கம் மறைந்தது, அந்தப் பக்கம் இரட்டிப்பானது.

இரண்டாவதை வைத்தார். மூன்றாவதை வைத்தார்.

"உருக்கி ஊத்தின செம்பு ஆறும்போது சுருங்கும்" என்றார் மெதுவாக. "போன்ல எல்லாம் ஒரே அளவா இருந்துச்சே, டீச்சர்."

"போன்ல ஆமா."

"அப்ப என் காசு?" என்றாள் காத்தாயி.

"அசல்ம்மா. மத்த பத்துக்கும் இதுதான் தாய். ரெண்டு நாள் வாங்கிட்டுப் போனவர் இதைப் பார்த்து அச்செடுத்திருக்கணும்" என்றாள் ஜெபசெல்வி.

காத்தாயி காசை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "அந்தக் குழம்பைத் திரும்ப வாங்கணும்" என்றாள்.

குஞ்சிதபாதம் எழுந்து கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்கம்மா."

"எங்கிட்டச் சொல்லி என்ன சார்? நாலாயிரம் பேருகிட்டல்ல சொன்னீங்க."

அவர் செல்போனை எடுத்தார். வெகுநேரம் தட்டினார். படித்துக் காட்டினார். படத்தின் வெளிச்சம், கோணம், வார்ப்பு முறை, வங்கியில் தம் முப்பது வருட அனுபவம், எல்லாம் இருந்தது.

"இதுல அந்த அம்மா எங்க சார்?" என்றாள் ஜெபசெல்வி.

அழித்தார். மறுபடி எழுதினார்.

'தரங்கம்பாடி காத்தாயி அம்மாள் விற்கும் காசு அசல். கையில் வாங்கிப் பார்க்காமல் போலி என்று எழுதியவன் நான். பிழை என்னுடையது.'

அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் போன் டிங் டிங்கென்று அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.

"பெரியவருக்கு எவ்வளவு கமிஷன்?"

"நேத்து போலி, இன்னைக்கு அசல். நாளைக்கு என்ன?"

"இவர் கேஷியரா இருந்த பேங்க் இன்னும் இருக்கா?"

முதல் வரியைத் திக்கித் திக்கிப் படித்தார். ஆறாவதுக்கு வந்தபோது குரல் சீராகியிருந்தது. மேலே போய் முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தார்.

"ஒண்ணுலயும் உங்க பேரு இல்லம்மா" என்றார்.

காத்தாயி அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எல்லாம் உங்கமேல ஏறிக்கிச்சு. பதில் எழுதலையா?"

"இருக்கட்டும்."

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். அவர் முகம் தெளிந்திருந்தது.

"ரொம்ப நன்றிம்மா."

"எனக்கா? எதுக்கு?"

"காசை எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்தீங்களே. வராட்டி நான் போன்ல பார்த்ததையே நம்பியிருப்பேன்."