கால்வாய்க்கு அடியில் மணல்

அர்த்தநாரியின் குரு அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். பெயர் வேதவல்லி. குரு சீடரை "அண்ணே" என்பாள். சீடர் குருவை "மேடம்" என்பார். சைட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. இரண்டு பேருமே அதைக் கண்டுகொண்டதில்லை.

அர்த்தநாரி திருச்செங்கோட்டுக்காரர். பாதி வாழ்நாளை போர்வெல் லாரியிலேயே கழித்தவர். பூமிக்குள் நேராக இறங்குவது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. படுக்கைவாட்டில் போவதைத்தான் வேதவல்லியிடம் கற்றுக்கொண்டார். சாலையையோ கரையையோ வெட்டாமல், அடியில் துளை போட்டுக் குழாயை இழுத்து வரும் வேலை அது. முதலில் பைலட் என்று ஒரு சின்னத் துளை. அது மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் அங்கே ரீமரைக் கோத்து, துளையை அகலமாக்கிக்கொண்டே மெஷினை நோக்கி இழுக்க வேண்டும்.

அன்றைக்குக் கீழ்ப்பந்தை கால்வாய்க்கு அடியில் துளை போய்க்கொண்டிருந்தது. மேட்டுக் கால்வாய். பாசனத்துக்குத் திறந்துவிட்ட தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டு ஓடியது. அடியில் துளை இடிந்தால் தண்ணீர் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். கரை உடையும். பள்ளத்தில் இருக்கும் ஊர் மிஞ்சாது. காலையில் அந்த ஊர்ப் பெண்ணொருத்தி பால் கேனோடு நின்று, "கரை தாங்குமாண்ணா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் தாங்குமுங்க" என்று அர்த்தநாரி வாய் கூசாமல் சொல்லிவிட்டார்.

வேதவல்லி மெஷினை முழுசாக அவரிடம் விட்டது அன்றுதான். அவள் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

பைலட் போய்ச் சேர்ந்திருந்த மறுகரையில் பாறை. அர்த்தநாரி பல் வைத்த பாறை ரீமரைக் கோத்திருந்தார். அது பாறையை நிலக்கடலை மாதிரி நொறுக்கிக்கொண்டு வந்தது. லீவரைப் பிடித்த கைக்கு அந்த அதிர்வு தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

மத்தியானம் அதிர்வு நின்றது. மெஷினுக்கு இழுவை லேசானது. அர்த்தநாரி இழுவையை நிறுத்திவிட்டு, துளையிலிருந்து குழிக்குத் திரும்பி வரும் சேற்றில் கைவிட்டுப் பார்த்தார். நறநறவென்று மணல்.

அவர் மெஷினுக்குத் திரும்பி வந்தார். லீவரை மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

"மேடம், இதே ரீமர்லயே இழுத்துரலாமுங்களா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"பாறையவே தின்னுட்டு வந்துதுங்க. மணலெல்லாம் இதுக்கு எம்மாத்திரம்? மாத்தறதுன்னா மறுபடியும் அக்கரைக்கே திருப்பி இழுக்கோணும். பொழுதே போயிருமுங்க."

வேதவல்லி டீ குடித்த எவர்சில்வர் டம்ளரோடு எழுந்து வந்தாள். சேற்றிலிருந்து சலித்துக் கொட்டிய ஈர மணல் பக்கத்தில் குவிந்து கிடந்தது.

"அண்ணே, இதுல பக்கவாட்டுல ஒரு துளை போடுங்க."

அவர் விரல்களை மடக்கிச் சுரண்டினார். மணல் சரிந்தது. சரிந்ததையும் வாரினார். இன்னும் சரிந்தது. விடாமல் வாரினார்.

"மேல பாருங்க" என்றாள்.

குவியலின் உச்சி உள்வாங்கியிருந்தது.

வேதவல்லி டம்ளரின் வெளிப்பக்கம் துளைக்குள் விடும் பென்டோனைட் களிச்சேற்றைப் பூசினாள். குவியலின் மறுபக்கம் குந்தி உட்கார்ந்து, அதை மணலில் வைத்துத் திருகித் திருகி மெல்ல நுழைத்தாள். அதேபோல் வெளியே எடுத்தாள். துளை வட்டமாக, வழவழப்பாக நின்றது.

அர்த்தநாரி குனிந்து அதற்குள் பார்த்தார்.

"இது ஒண்ணையும் கொத்தலையே மேடம்."

"இல்லை."

"ஆனா நிக்குதுங்களே."

"ஆமா."

கால்வாய்க் கரை மேல் யாரோ சைக்கிளில் போனார்கள். அர்த்தநாரிக்குக் காலையில் தாங்கும் என்று சொன்னது நினைவுக்கு வந்து அவமானமாக இருந்தது.

"அந்தப் பக்கமே திருப்பி இழுங்கப்பா" என்று போனில் மறுகரைக்குச் சொன்னார். "பேரல் ரீமர் மாட்டோணும். அந்த உருளை மாதிரி இருக்குமே, அது."

"நல்லாத்தானேண்ணே போயிட்டிருந்துச்சு?" என்று அங்கிருந்த பொக்லைன் டிரைவர் சலித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் போச்சு. இழு."

வெயில் தாழ்ந்தபோது பாறை ரீமர் மறுகரைக் குழியிலிருந்து மேலே வந்தது. குருவும் சீடரும் பாலத்தைச் சுற்றிக்கொண்டு அங்கே போயிருந்தார்கள். ரீமரில் ஒரு பல்கூட மழுங்கவில்லை. அர்த்தநாரி அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். தன் துண்டாலேயே துடைத்தார். பேரல் ரீமரை மாட்டச் சொல்லிவிட்டு, பாறை ரீமரின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"எந்த மண்ணுக்கு எதைக் கோக்கோணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவனுங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதான். மணல் கையில பட்டதுமே தெரிஞ்சு போச்சுங்க. அப்புறமும் ஏனுங்க லீவரை விட மனசு வரலை?"

வேதவல்லி அவர் கையைப் பார்த்தாள். அது இன்னும் அந்தப் பாறை ரீமரின் மேல்தான் இருந்தது.

"பாறையில ஜெயிச்ச கை அண்ணே. பிரியறதுக்கு நேரம் எடுக்கத்தான் செய்யும்."