நாலாவது ஆள்

தூத்துக்குடியில் பெல்சியா என்று ஒருத்தி இருந்தாள். சைக்கிளில் வித்தை கற்றுக்கொடுப்பவள். அவளுடைய மாணவன் சுடலைமணி. அவளைவிட ஐந்து வயது மூத்தவன்.

மூத்தவன் என்பதால் அவள் அவனை அண்ணே என்பாள். கற்றுக்கொடுப்பவள் என்பதால் அவன் அவளை மாஸ்டர் என்பான். பேக்கரியில் மக்ரூன் போடுகிறவன் என்ற முறையில் பகலெல்லாம் அவனைத்தான் எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். சாயங்காலம் கையில் ஒட்டிய சீனியைக் கழுவிவிட்டு வந்தால் அவன் பாடம் கேட்கிற ஆள்.

இருவரும் ஓட்டியது பி.எம்.எக்ஸ். என்கிற குட்டைச் சைக்கிள். அதிலும் பிரிவுகள் உண்டு. மரத்தில் சரிவு கட்டி, வேகமாக ஏறி, ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டு இறங்கினால் அது பார்க். இவர்களுடையது ஃபிளாட். சரிவு கிடையாது, மேடு கிடையாது, வெறும் தரை. வண்டியை ஒற்றைச் சக்கரத்தில் நிறுத்தி, அச்சிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயின் மேல் நின்று, சுற்றிச் சுற்றி ஆட வேண்டும். கால் தரையில் படக் கூடாது. பட்டால் மார்க் போகும்.

இதற்கு வழவழப்பான தரை வேண்டும். ஊரில் அப்படித் தரை இருந்தது கல்யாண மண்டபங்களின் பந்திக்கூடத்தில்தான். ஆகவே தவக்காலம் வந்தால் மாதா கோயில் மண்டபம், ஆடியும் மார்கழியும் வந்தால் பிள்ளையார் கோயில் பக்கத்து மண்டபம். யாரும் கல்யாணம் வைக்காத நாட்கள்தான் இவர்களுக்கு நல்ல நாட்கள். மண்டபத்துக்காரர்கள் நல்லவர்கள். தரையில் கீறல் விழுந்தால் தோலை உரித்துவிடுவோம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்.

பெல்சியா ஒரு காலத்தில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவள். ஃபிளாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே போட்டிதான். தனித்தனியாக நடத்த ஆள் ஏது? பிறகு மணிக்கட்டு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். அதோடு போட்டிக்குப் போவதை விட்டுவிட்டாள்.

சுடலைமணி எந்தக் காலத்திலும் முதலாவதாக வந்ததில்லை. இரண்டாவது வந்திருக்கிறான். மூன்றாவது வந்திருக்கிறான். மற்றபடி ஜெயித்தவனுக்குக் கை தட்டிவிட்டு பஸ் ஏறியிருக்கிறான்.

ஆனால் அவனிடம் ஒன்று இருந்தது.

முன்சக்கரத்தின் மேல் பின்னோக்கி உருண்டபடியே, இரண்டு கையையும் விட்டுவிட்டு, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வண்டி தன்னைத் தாண்டிப் போகும்போது மறுபக்கத்துக் குழாயில் கால் வைத்து நிற்பது. இதை வேறு யாரும் செய்து அவர்கள் பார்த்ததில்லை. யாரிடமிருந்தும் எடுத்ததும் இல்லை. வருஷக்கணக்கில் முழங்காலைத் தேய்த்து அவனே கண்டுபிடித்தது. மண்டபத்தில் பாதி தடவை நிற்பான், பாதி தடவை விழுவான்.

அதற்குப் பேர் இல்லை. ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வித்தையைப் போட்டியில், பத்துப் பேர் பார்க்க, விழாமல் செய்தவன்தான் அதற்குப் பேர் வைக்கலாம். அதுவரை மண்டபத்தில் ஆயிரம் தடவை செய்தாலும் அது பேரில்லாதது. அதனால் இருவரும் அதை அது என்றுதான் சொன்னார்கள்.

அந்த ஆடி மாதம் மாநிலச் சைக்கிள் சங்கத்திலிருந்து செய்தி வந்தது. உலகப் போட்டிகளில் பார்க்தான் இருக்கிறது, பார்வையாளர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது, ஆகவே மாநிலப் போட்டியில் ஃபிளாட்டுக்கு இதுவே கடைசி வருஷம் என்றார்கள். நன்றாக ஓட்டியவர்கள் இதை முன்பே மோப்பம் பிடித்து, ஒவ்வொருவராக பார்க் பக்கம் போயிருந்தார்கள்.

சுடலைமணி வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"உங்களுக்கு இப்படி நடந்திருக்கா, மாஸ்டர்?"

"நடந்திருக்கு. சின்னதுல நான் மண்மேட்டுலதான் ஓட்டுனேன். போட்டியில இருந்து அதைத்தான் முதல்ல எடுத்தாங்க."

"என்ன செஞ்சீங்க?"

"அழுதேன்."

"பெறவு?"

"பெறவு ஃபிளாட் வந்துச்சு."

"எனக்கு என்ன வரும்?"

முப்பத்தைந்தை நெருங்குகிறவன், இரண்டு முழங்காலிலும் உறை மாட்டிக்கொண்டு படியேறுகிறவன், ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட முடியாது என்று இருவருக்குமே தெரியும்.

"இனி இதை என்னத்துக்கு ஓட்டணும்?" என்று அவன் கேட்டான்.

அவள் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். காற்று அடித்தால் அந்தப் பேரில்லாத வித்தை நிற்காது.

போட்டி மதுரையில், ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்தது. துணைக்கு பெல்சியாவும் வந்தாள். பெரிய மைதானத்தில் பார்க்குக்கு மரச்சரிவுகள் கட்டியிருந்தார்கள். அங்கே ஒலிபெருக்கி, கூட்டம், ஐஸ் வண்டி. ஃபிளாட்டுக்கு ஓரமாக இருந்த கூடைப்பந்துத் தரையை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே நடுவர்கள் மூன்று பேர் நிழலைத் தேடி நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

ஓட்ட வந்தவர்களும் மூன்று பேர்தான். சேலத்திலிருந்து தொப்பை விழுந்த ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து தமீம் என்று ஒருவன், பிறகு சுடலைமணி.

சுடலைமணி மற்ற இருவரும் ஓட்டிப் பழகுவதைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு உடம்பு சூடேறியது. இவர்களை அவனால் ஜெயிக்க முடியும். கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்க முடியும். கடைசி வருஷமாக இருந்தால் என்ன, ஆள் குறைந்தால் என்ன, முதலாவது என்றால் முதலாவதுதான். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை. அவனுக்கு அது போதும்.

அப்போதுதான் சங்கச் செயலாளர் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். குறைந்தது நான்கு பேர் இருந்தால்தான் போட்டி என்பது விதி. மூன்று பேருக்கு மூன்று மெடல் கொடுக்க இது என்ன பந்தியா என்று கேட்டார். ரத்து செய்துவிடலாம் என்று நடுவர்களும் நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். அவர்களுக்கும் பார்க் பார்க்க ஆசை.

சுடலைமணி விதியோடு என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றான்.

பெல்சியா கைப்பையைத் தரையில் வைத்தாள். துப்பட்டாவைச் சுருட்டி அதன்மேல் வைத்தாள்.

"என் பேரையும் போட்டுக்கோங்க சார்," என்றாள்.

தமீமிடம் வண்டியைக் கேட்டு வாங்கினாள். யார் முதலில் என்று செயலாளர் கேட்டபோது, நானே ஓட்டிவிடுகிறேன் என்று தானாகச் சொன்னாள். சுடலைமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தகடு வைத்த கையோடு, ஊரார் முன்னால், அவனுக்காகப் பேருக்கு ஓட்டி ஆள்கணக்கை நிரப்பப்போகிறாள். எந்த மாஸ்டர் இப்படிச் செய்வார்? காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது அவனுக்கு.

அவள் தரையில் இறங்கி மெதுவாக ஒரு வட்டம் போட்டாள். இன்னொரு வட்டம் போட்டாள்.

பிறகு ஓட்டினாள்.

நடந்தது என்னவென்று சுடலைமணிக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. முன்சக்கரத்தில் எழுந்து நின்றாள். அங்கிருந்து இறங்காமலே பின்சக்கரத்துக்கு மாறினாள். வண்டி அவளைச் சுற்றியது, அவள் வண்டியைச் சுற்றினாள். சேலத்துக்காரர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை மூட மறந்து நின்றார். பார்க் பக்கம் போய்க்கொண்டிருந்த சில பேர் திரும்பி வந்தார்கள். நடுவர்கள் நிழலைப் பற்றிய கவலையை விட்டார்கள்.

முடியப்போகிற நேரத்தில் அவள் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. வண்டி சாய்ந்தது. இடதுகால் ஒரு கணம் தரையைத் தொட்டுவிட்டது. உடனே எடுத்துக்கொண்டு மிச்சத்தையும் ஓட்டி முடித்தாள். வலியில் முகம் வெளுத்திருந்தது. வண்டியைத் தமீமிடம் கொடுத்துவிட்டு, சுடலைமணிக்கு நேராக வந்து நின்றாள்.

சேலத்துக்காரர் ஓட்டினார். பலமுறை கால் வைத்தார். தமீம் ஒரு தடவை விழுந்து எழுந்து, சிரித்துக்கொண்டே முடித்தான்.

சுடலைமணியின் முறை வந்தது.

அவனுக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. கூடவே கணக்கும் ஓடியது. அவள் கால் வைத்துவிட்டாள். நான் கால் வைக்காமல் ஓட்டினால் போதும். பழைய வித்தைகளைத் தூக்கத்தில்கூட ஓட்டுவேன். அது பாதி தடவை விழுகிற சமாச்சாரம். இன்றைக்குப் போய் அதைத் தொட வேண்டாம்.

இன்றைக்கு இல்லையென்றால் என்றைக்கு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதை அவன் அதட்டி உட்காரவைத்தான்.

ஓட்டினான். சுத்தமாக ஓட்டினான். எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருந்த வித்தைகளை, எல்லோரும் எதிர்பார்த்த வரிசையில், ஒரு பிசகும் இல்லாமல் செய்தான். கால் ஒரு தடவைகூடத் தரையில் படவில்லை. திரும்பி வந்த சில பேர் கை தட்டினார்கள். பாதியிலேயே எழுந்து போனவர்களும் உண்டு.

நடுவர்கள் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். தவறே இல்லாமல் ஓட்டினார், ஆனால் கடினம் போதவில்லை என்றார் மூத்த நடுவர். முதலாவது பெல்சியா. இரண்டாவது சுடலைமணி.

மெடலைக் கழுத்தில் போட்டுவிட்டு, செயலாளர் ஃபிளாட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினார். செத்தவர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் அந்தத் தரையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் தூத்துக்குடி பஸ் கிளம்ப நேரம் இருந்தது. இருவரும் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெல்சியாவின் மணிக்கட்டு வீங்கி, வளையலை வெட்டி எடுக்க வேண்டும் போலிருந்தது. அவன் போய் ஐஸ் வாங்கி வந்து கைக்குட்டையில் கட்டிக் கொடுத்தான். கோபத்திலும் அதைச் செய்யாமல் இருக்க அவனால் முடியவில்லை.

பிறகு கேட்டான்.

"எனக்காகத்தானே பேரைக் குடுத்தீங்க?"

"ஆமா."

"பேருக்கு ஓட்டியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்."

"ஆமாண்ணே."

"அப்ப ஏன் அப்படி ஓட்டுனீங்க?"

அவள் ஐஸ் கட்டிய துணியைத் திருப்பி வைத்தாள்.

"நீங்க ஏன் அதை ஓட்டல?"

"விழுந்துட்டா?"

"விழுந்திருக்கலாம்."

"விழுந்தா இந்த ரெண்டாவதும் போயிருக்கும்."

"போயிருக்கும்."

கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டு போனார். சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டான். காலையில் அவனிடம் ஒன்று இருந்தது. இப்போது அதை வைத்துக்கொண்டு நிற்க அவனுக்கு ஓர் இடம் இல்லை. அடுத்த வருஷம் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. அது பேரில்லாமலே அவன் முழங்காலோடு தேய்ந்து போகும். அது நிச்சயம் என்று தெரிந்தபோது அவனுக்கு அழுகை வந்தது. முப்பத்துநாலு வயது ஆள் பஸ் நிலையத்தில் அழுவதை நாலு பேர் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நாளைக்கே மண்டபத்துல ஓட்டிக் காட்டுதேன், மாஸ்டர்," என்றான். "விழாம ஓட்டுதேன்."

"மண்டபத்துல தெனமும் பாத்தேன்லா."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவளுடைய மடியில் கிடந்த மெடலைப் பார்த்தான். உள்ளே அடக்கி வைத்திருந்த கேள்வி வந்துவிட்டது.

"ஒரு தடவை தோத்திருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சிருக்கும்?"

பெல்சியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"நான் தோக்கத்தான்ணே வந்தேன். நீங்க தோக்கடிக்கல."